ஏழு ஜோடி ஸ்கீ

"ஏழு ஜோடி ஸ்கீ எதுக்கு ஒட்வார்? உங்களுக்கென்ன, பதினாலு காலா இருக்கு?"

சிக்னே கேட்டதும், வாஃபிள் தின்றபடி நின்றிருந்த பெற்றோர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

ஒட்வார் சிரிக்கவில்லை. பனிச்சறுக்கு கிளப்பில் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுப்பவர். சறுக்குப் பலகைகள் அடுக்கியிருந்த வேனின் பின்கதவை அவசரமாகச் சாத்தினார்.

"ஒவ்வொரு பனிக்கும் ஒவ்வொண்ணு வேண்டியிருக்கே" என்று முனகினார்.

"சரி. குளிர்ப்பனிக்கு ஒண்ணு, ஈரப்பனிக்கு ஒண்ணு, பூஜ்யம் டிகிரிக்கு ஒண்ணு. அப்புறமும் நாலு மிஞ்சுதே! அதையெல்லாம் கட்டிப்பிடிச்சுத் தூங்குவீங்களா?"

மறுபடி சிரிப்பு. ஒட்வாருக்குக் காது சிவந்துவிட்டது. திருட்டு முழி முழித்தார்.

அந்த முழி சிக்னேவுக்கு இதமாக இருந்தது. அவள் பட்ட அவமானம் அப்படி. போன வருஷம், ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் கொட்டகையில் ஒரு பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "உங்க பொண்ணு தூவாவுக்கு இன்னிக்கு எந்த ஸ்கீ?"

எந்த ஸ்கீயா? இருப்பதே ஒன்றுதான். புருஷன் பிரிந்துபோன பிறகு, முதியோர் இல்லத்தில் அவள் வாங்கும் சம்பளம் வாடகைக்கும் மின்சாரத்துக்குமே இழுபறி. "அதோ, அந்தச் சிவப்பு" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்து அழுதாள். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து சிக்னே 'இல்லை' என்று சொல்லக் கூசி 'வேண்டாம்' என்று சொல்லப் பழகிக்கொண்டாள். போகப் போக அது கொள்கையாகிவிட்டது.

இன்று அதைக் கிளப்பில் தீர்மானமாகவே கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் போட்டியில் ஆளுக்கு ஒரு ஜோடிதான். கிளப் முத்திரை ஒட்டிய அதே ஜோடிதான் சீசன் முழுக்க. பந்தயம் முடிந்ததும் ஓட்டெடுப்பு.

பந்தயம் தொடங்கும் நேரம் பார்த்துப் புதுப்பனி கொட்ட ஆரம்பித்தது. வெப்பமானி சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. ஊரே சபிக்கும் எண் அது. மெழுகு தேய்த்தால் அடியில் பனி கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும், தேய்க்காவிட்டால் மேட்டில் பின்னோக்கி வழுக்கும்.

பிள்ளைகள் தத்தித் தத்தி, நின்று நின்று அடிப்பனியைச் சுரண்டிக்கொண்டு வந்தார்கள். தூவா மட்டும் சர்ரென்று வந்து முதலில் கோட்டைத் தாண்டினாள்.

"பார்த்தீங்களா!" சிக்னே கத்தியே விட்டாள். "என் பொண்ணுகிட்ட இருக்கிறதே ஒரே ஒரு ஜோடி! காலையில சமையல்கட்டுல வச்சு நானே மெழுகு தேய்ச்சேன். மனசு இருந்தா ஒரு ஜோடி போதும். இல்லேன்னா ஏழு இருந்தாலும் பத்தாது!"

எல்லோர் பார்வையும் ஒட்வார் பக்கம் திரும்பியது. அவர் கோகோ கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல சாட்சி வேணுமா?" என்றான் கிளப் தலைவன் ஹெல்கே. "தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க!"

கைகள் மளமளவென்று உயர்ந்தன. கடைசியாக, மெதுவாக, ஒட்வாரின் கையும் உயர்ந்தது.

"அட, ஏழு ஜோடிக்காரரே தூக்கிட்டாரு!"

சிரிப்பும் கைதட்டலும் அடங்கியதும் சிக்னே மகளைத் தேடினாள். தூவா காரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஜெயிச்சுட்டு யாராவது அழுவாங்களாடி? கொடு இங்கே."

காரின் கூரையில் கட்டுவதற்காக ஸ்கீயை வாங்கி, ஒட்டியிருந்த பனியைத் துடைக்கத் திருப்பினாள். கை அப்படியே நின்றது.

அடியில் மெழுகின் தடமே இல்லை. நடுப்பகுதி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலச் சொரசொரவென்று இருந்தது. மெழுகே இல்லாமல் ஓடும்படி, பூஜ்யம் டிகிரிக்கென்றே செய்யப்பட்ட ஸ்கீ.

"இது நம்மளது இல்லையே?"

"ஒட்வாரோடது" என்றாள் தூவா விசும்பிக்கொண்டே. "உனக்குத் தெரியக் கூடாதுன்னு அதே சிவப்பைத் தேடி வாங்கினாரு. சொல்லாதீங்கன்னு நான்தாம்மா கெஞ்சினேன்."

"எப்பலேர்ந்து?"

"நீ கார்ல உட்கார்ந்து அழுதியே, அப்பலேர்ந்து."

சிக்னே வேனை நோக்கி நடந்தாள். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்த ஒவ்வொரு ஸ்கீயையும் எடுத்து நடுவில் அழுத்திப் பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் பிள்ளைகள் அளவுக் குட்டை. விரலால் அழுத்தினாலே வளைந்தன. ஒட்வாரின் கனத்தைத் தாங்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஓரம் பெயர்ந்துபோன பழசு. ஓரத்தில் அவள் சமையல்கட்டில் மெழுகு தேய்த்த சிவப்பு ஜோடி சாத்தியிருந்தது. மற்றதெல்லாம் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ. கொஞ்சம் முன்னால் அவளோடு சேர்ந்து சிரித்தார்களே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகக்கூட இருக்கலாம்.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தான் பேசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து கன்னத்தில் அறைந்தது.

ஒட்வார் வந்து நின்றார். இப்போதும் அதே திருட்டு முழி.

"இனிமே பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் கொடுக்கவே முடியாதே" என்றாள். "எதுக்குங்க கையைத் தூக்கினீங்க?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தூக்காம இருந்தா ஏன்னு ஹெல்கே கேட்பான். அத்தனை பேர் முன்னாடி உன் கதையை இல்ல நான் சொல்லணும், சிக்னே?"