எந்தத் தண்ணீர்

ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

அவள் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"பில்... லூ" என்றார்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம். அவள் கணவரின் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஷீபா நாகர்கோவில் பெண். கோவைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பூனை, குடை, சாவி என்று அட்டை அட்டையாகக் காட்டிப் பார்த்துவிட்டாள். அவர் அட்டையையும் பார்ப்பார், சுவரையும் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே பார்வைதான்.

அவர் எதிரிலேயே மருமகன் சொல்ல ஆரம்பித்துவிட்டார், மாமாவுக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்று. அவள் என்ன சொல்லி மறுப்பாள்? அவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பில்லூவா? அப்படின்னா என்ன ஆன்ட்டி?" ஷீபா கேட்டாள்.

அவர் மனைவிக்குத் தெரிந்த பில்லூர் ஒன்றே ஒன்று.

கோயமுத்தூரின் மேற்கே குழாயைத் திறந்தால் வருவது சிறுவாணி. கிழக்கே வருவது பில்லூர். ஒன்று மலைத் தண்ணீர், மற்றது அணைத் தண்ணீர். பில்லூருக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அதை இந்த மனிதரிடம் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை.

கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டதும் முதலில் தண்ணீரைத்தான் குடிப்பார். குடித்துவிட்டு, பக்கத்து இலைக்காரருக்கும் கேட்கிற மாதிரி, "பில்லூர்" என்பார். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பையனின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "உங்க ஏரியாவுல சிறுவாணி வருதுங்களா?" என்று கேட்டவர். அன்றைக்கு அவள் மானம் போயிற்று.

அவள் காங்கேயம் பக்கத்தில் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். உப்புக் கரிக்காத எல்லாத் தண்ணீரும் அவளுக்கு ஒன்றுதான்.

நேற்றுத்தான் சிறுவாணி வந்துகொண்டிருந்த வடவள்ளி மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தார்கள். அவரால் படி ஏற முடியாது. கீழ் வீடு வேண்டும், மகள் வீட்டுக்குப் பக்கமாகவும் வேண்டும். வாடகைக்குப் பார்க்க வந்தபோதே வீட்டுக்காரர் சின்னராஜிடம் கேட்டாள். அவர் வாய் கூசாமல் சொன்னார், சிறுவாணிதான் என்று. நேற்று முழுக்கப் பழைய வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீர். இந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர் அவர் வாயில் படுவது இதுதான் முதல் தடவை.

"சும்மா ஒரு சத்தமா இருக்கும் ஆன்ட்டி. ஆனா சத்தம் வந்ததே நல்லதுதான்" என்று ஷீபா நோட்டை எடுத்தாள்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு, மேலே குடியிருந்த வீட்டுக்காரரைப் பார்க்க மாடிக்குப் போனாள்.

பாதிப் படியில் கால் நின்றது. பயமாக இருந்தது. வீட்டுக்காரர் சொன்னது உண்மையாக இருந்தால், கீழே கேட்டது வெறும் சத்தம். அப்புறம் மருமகன் சொல்வதுதான் சரி.

கேட்காமல் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஏறினாள். கேட்டாள்.

"சிறுவாணிதானுங்க்கா. நூத்துக்கு நூறு" என்றார் சின்னராஜ்.

அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்தும் அழுகை நிற்கவில்லை. மூன்று மாதமாக ஆஸ்பத்திரியிலும் அழாதவள், முன்பின் பழகாத மனிதர் வீட்டு வாசலில் அழுதாள்.

சின்னராஜ் வெலவெலத்துப் போனார். பொய் சொல்லி வாடகைக்கு விட்டவர்தான், ஆனால் ஒரு பெண் அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர் இல்லை.

"ஐயோ, அழுவாதீங்க்கா. பில்லூருதானுங்க. வீடு பாக்க வர்றவங்கல்லாம் சிறுவாணியான்னுதானுங்க மொதல்ல கேக்கறாங்க. இல்லீன்னா அப்படியே திரும்பிப் போயர்றாங்க. எட்டு மாசம் சும்மா கெடந்துச்சுங்க வீடு. தப்புதானுங்க்கா."

அவள் முந்தானையை எடுத்தாள்.

"பில்லூரா?"

"சாமி சத்தியமா பில்லூருங்க."

"நல்லாத் தெரியுமுங்களா?"

"இருவது வருசமா நானே அதைத்தானுங்க குடிக்கறேன்."

அவள் எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றாள். ஏமாற்றியவருக்கு எதற்கு இந்த வாழ்த்து என்று சின்னராஜுக்குப் புரியவில்லை. அவள் இறங்கிப் போன பிறகும் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கீழே கணவர் நாற்காலியில் இருந்தபடியே இருந்தார்.

மூன்று மாதமாக அவரிடம் குழந்தையிடம் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"ஏனுங்க, வந்து ஒரு நாளாகுல, அதுக்குள்ள நொட்டை சொல்லியாச்சா? இங்க இதுதான் வரும். ஊரே குடிக்குது, நீங்களும் குடிங்க."

ஷீபா திகைத்துப் போய்ப் பார்த்தாள். "என்ன ஆன்ட்டி, ஒடம்பு சரியில்லாத மனுசரப் போயி..."

அவள் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அவர் அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு நல்ல கையால் டம்ளரை மெல்ல ஒதுக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு அவரை நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டினாள்.