பந்தின் கனம்

பக்கவாதம் வந்து தேறிய ஜெயசீலனுக்கு மறுபடி கோல்ஃப் மட்டையைச் சுழற்ற இடுப்பில் வலு வேண்டியிருந்தது. தினமும் காலையில் மொட்டைமாடியில் அவரும் மனைவி வத்சலாவும் முதுகோடு முதுகு சேர்த்து நின்று, இடுப்பைத் திருப்பி, கனமான பயிற்சிப் பந்து ஒன்றைக் கைமாற்றிக்கொள்வார்கள். அப்போது அவர் முகம் அவளுக்குத் தெரியாது. முதுகின் நடுக்கம் தெரியும். அதைத் தாங்க முடியாமல், அதே நிறத்தில் பாதி எடையுள்ள பந்தை வாங்கி வந்து, பழையதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். இன்று முதுகு நடுங்கவில்லை. “என்ன வத்சலா, எனக்கு பலம் வந்துடுச்சா, இல்ல பந்து இளைச்சுப் போச்சா?” என்றார். “பேசாம திரும்புங்க. மைதானத்துக்குப் போகணும்னு துடிக்கிறது யாரு?” பந்தை வாங்கிக்கொண்டார். மறுபக்கம் அவள் கைகளை நீட்டிக் காத்திருந்தாள், பந்து வரவில்லை. அவர் முதுகு விலகியது. வியர்வையில் நனைந்த ரவிக்கை சில்லென்றது. தொட்டிப் பக்கமிருந்து கனமாக ஏதோ உருண்டு வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பெருமூச்சோடு எதையோ தூக்கினார். முதுகு மீண்டும் வந்து ஒட்டியது. “புல்லுல கிடக்கிற கோல்ஃப் பந்து என்னைப் பாத்து இரக்கப்படாது, வத்சு.” அவர் திரும்பத் தொடங்கினார். அவர் முதுகு முழுவதும் நடுங்கியது. அவள் கைகளை இன்னும் கொஞ்சம் பின்னால் நீட்டினாள்.