ஒரே பெயரில் இருவர்

ஹெட்போனை மாட்டி உட்கார்ந்ததுமே திரைக்குள் இருந்த டீச்சர் கேட்டாள், அந்த அயல்மொழியில்.

"மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?"

தையற்காரி மைக்கைத் தள்ளிவைத்தாள். மகளைப் பற்றிக் கணினியிடம் அவள் மூச்சுகூட விட்டதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த பாடம் அது. தாய்மொழி வாடையே இருக்காது. கடை, பஸ், ஆஸ்பத்திரி என்று இடம் இடமாகக் கூட்டிப்போய் அந்த ஊர்ப் பேச்சிலேயே நம்மை முக்கியெடுக்கும். நாம் சொன்ன பதிலை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதிலிருந்தே கேள்வி கேட்கும்.

இருபது நாளில் பரீட்சை. புருஷன், பெண்டாட்டி இருவரும் தேறினால்தான் மகனிடம் போய்ச் சேரலாம்.

இந்தக் கெட்டிக்காரர்கள் இரண்டு பேருக்குமாக ஒரே பெயரைப் பதிந்துவைத்திருந்தார்கள். காலையில் அவள், சாயங்காலம் அவர். கணினிக்குப் பாவம், இருவரும் ஒரே ஆள்.

"என்ன, டீச்சரம்மா இன்னும் திட்ட ஆரம்பிக்கலையா?" சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார் அவர். ரிட்டையரான பஸ் மெக்கானிக்.

"உங்கள மாதிரி மக்குன்னு நெனச்சீங்களா? கையப் பாத்து நறுக்குங்க."

சொல்லிவிட்டு, நேற்றைய பேச்சைத் திறந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரிப் பாடம். அவருடைய பதில்கள் தட்டுத்தடுமாறி வரிசையாக நின்றன.

எனக்கு ஒரு மகள். வயது ஆறு. காய்ச்சல். இப்போதே போகலாம் என்றாள் மனைவி. காலையில் போகலாம் என்றேன் நான்.

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பதினோரு வருஷம். அந்தக் காய்ச்சலில் குழந்தை போன நாளிலிருந்து அதன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. உன்னால்தான் என்று சொந்தபந்தம் எல்லாம் முகத்துக்கு நேரே சொன்னபோதும் தலையைக் குனிந்துகொண்டு நின்ற மனுஷன்.

அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, தையற்காரி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் உள்ள ஆத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும்.

டீச்சர் பொறுமையாக மறுபடி கேட்டாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?

தையற்காரி மைக்கை உதட்டருகே இழுத்தாள். கற்றுவைத்திருந்த சின்னச் சின்னச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்தாள். தன் மொழியில் அவற்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விட்டது. விடியும் முன்னே நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம். அவரை எழுப்பவில்லை. நானும் தூங்கிவிட்டேன்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒரு பிழையும் இல்லையாம். டீச்சர் கைதட்டினாள்.

பதிலை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா என்று திரை கேட்டது.

வைத்துக்கொள் என்பதை அமுக்கினாள்.

சாயங்காலம் அவர் முறை.