ஒரு சுத்துக்கு ஒரு வெடி

“சத்தம் எவ்ளோ தூரம் கேக்கும்?”

காஞ்சிபுரத்திலிருந்து என்ஜின் பார்க்க வந்திருந்த ஏகாம்பரநாதன் இதையே மூன்றாவது முறையாகக் கேட்டார்.

ரைஸ்மில் முதலாளி தணிகாசலம் இந்தக் கேள்விக்காகவே நாலு நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தவர். சுவரில் படிந்திருந்த பன்னிரண்டு வருஷக் கரிக்கு மேல் சுண்ணாம்பு அடித்தாயிற்று. புகைக்குழாயின் வாயைக் குழிக்குள் இறக்கி, ஈரச் சாக்கு போட்டு மூடியாயிற்று.

“சத்தமா? மிஸ்டர் ஏகாம்பரநாதன், பக்கத்துல தொட்டில் கட்டுனா கொழந்த தூங்கும் சார்! டூ ஸ்ட்ரோக் டீசல். வால்வு கெடயாது, வம்பு கெடயாது. மத்த என்ஜினெல்லாம் ரெண்டு சுத்துக்கு ஒருவாட்டி வெடிக்கற சோம்பேறிங்க. இது ஒரு சுத்துக்கு ஒரு வெடி. எல்லாம் சயண்டிஃபிக்!”

அத்தனை வெடிக்கு நடுவே குழந்தை எப்படித் தூங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

என்ஜின் டிரைவர் கன்னியப்பன் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி நின்றிருந்தான். பன்னிரண்டு வருஷ அதிர்வில் அவன் உள்ளங்கைகள் மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற குழாயைத் தொட்டால்கூடத் தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் தெரியும்.

போன பொங்கலுக்கு மில்லில் கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. அதற்கு ஸ்விட்ச் போட முதலாளியின் மச்சானே போதும். “என்ஜின வாங்கறவங்க உன்னையும் சேத்து ஓட்டிக்கினு போவாங்க, பசுவோட கன்னுக்குட்டி மாதிரி. எவனும் வாங்கலன்னா அது எடைக்கு, நீ வூட்டுக்கு” என்று தணிகாசலம் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது கன்னியப்பனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவும் மரத்துவிட்டது போலிருக்கிறது.

“பாக்க வர்றவரு என்ஜின வூட்டுப் பின்கட்டுலயே வெக்கப் போறாராம். நீ வாயத் தொறக்காத” என்று காலையிலேயே உத்தரவு ஆகியிருந்தது. கன்னியப்பன் வாயைத் திறக்காமல் என்ஜினைக் கிளப்பினான். மெதுவேகம். சாக்குக்கு அடியில் அது கிழவன் இருமுவதுபோல் இருமியது.

ஏகாம்பரநாதன் பெல்ட்டைப் பார்க்கவில்லை. மணிக்கு எத்தனை மூட்டை அரைக்கும் என்று கேட்கவில்லை. சுவர்வரை எட்டடி எண்ணி நடந்துபோய், சுவரில் காதை வைத்தார்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான் சார்!” தணிகாசலத்தின் மார்பு சட்டைப் பித்தானைச் சோதித்தது.

“புகை?”

“ஊதுவத்திய விடக் கம்மி.”

“செவுரு அதிருமா?”

“செவுத்துமேல டம்ளர்ல தண்ணி வெய்ங்க. ஒரு சொட்டு அலுங்காது. கன்னியப்பா, போய் டம்ளர் எடுத்தா!”

“வேணாங்க.” ஏகாம்பரநாதன் பெருமூச்சு விட்டார். “நமக்கு இது சரிப்படாது.” கும்பிடு போட்டுவிட்டுத் தேரடிப் பக்கம் நடந்துவிட்டார்.

தணிகாசலம் கொஞ்ச நேரம் என்ஜினைப் பார்த்தார். பிறகு பழி போட ஆள் பார்த்தார். “உன் மூஞ்சியப் பாத்தா இன்னாய்யா நெனப்பாரு மனுசன்? எழவு வூட்ல நிக்கறாப்ல நிக்கற! நாளைக்கே எடைக்குப் போட்டுடறேன். நீயும் வராத. தோ, கொடைய வுட்டுட்டுப் போறாரு பாரு, குடுத்துட்டு அப்டியே வூட்டுக்குப் போ.”

தேரடியில் காஞ்சிபுரம் பஸ் இன்னும் வரவில்லை. குடையை வாங்கிக்கொண்ட ஏகாம்பரநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பன்னெண்டு வருஷமா ஓட்டறியாமே. நீயாவது நெசத்தச் சொல்லேன்பா.”

வேலை போயாயிற்று. இனி நிஜத்தைச் சொன்னால் எதுவும் குறையப்போவதில்லை.

“நெசமா சார்? அந்தச் சாக்க எடுத்துட்டு முழு வேகத்துல வுட்டீங்கன்னா ஊரே காதப் பொத்திக்கும். எதிர்க்காத்து இல்லன்னா நாலஞ்சு மைலு தள்ளி கீற வல்லக்கோட்டைல கேக்கும். டீசல் பத்தாதுன்னு ஆயிலையும் குடிக்கும். குடிச்சத கரியா துப்பும். பக்கத்து வூட்ல ஒரு வேட்டி வெள்ளையா காயாது.”

“செவுரு?”

“நாலு எடத்துல விரிசல் சார். சுண்ணாம்பு எதுக்கு அடிச்சாருன்னு நெனச்சீங்க? என் எடது காது போயி அஞ்சு வருஷமாவுது. சில நாளு பேய் புடிச்சாப்ல வேகம் எடுத்துக்கும். டீசல மூடினாலும் நிக்காது, உள்ள கீற ஆயிலக் குடிச்சிக்கினே ஓடும். காத்து போற வாய அமுக்கினாத்தான் அடங்கும்.”

“மூடினாலும் நிக்காதா?” ஏகாம்பரநாதன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெருங்கி வந்தார்.

“நிக்காது சார். பாவம், கொழந்த குட்டி கீற வூடுன்னாரு மொதலாளி. வேணாம் சார்.”

ஏகாம்பரநாதன் அவனுடைய மரத்த கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். “நாளைக்குக் காலைலயே வண்டியோட வரேன். அவர் கேட்ட வெலைக்கே எடுத்துக்கறேன். நீயும் கூட வந்துடணும். அந்தச் சாக்கு மட்டும் வேணாம்.”

கன்னியப்பனுக்கு நல்ல காதிலும் ஏதோ கோளாறு என்று தோன்றியது. பஸ் வந்து நின்றது.

“நான் வரேன் சார். ஆனா இன்னா மில்லு? அரிசியா, மாவா?”

படியில் ஏறிய ஏகாம்பரநாதன் திரும்பிப் பார்த்தார்.

“மில்லு எதுக்குப்பா? பக்கத்து போர்ஷன்காரன் எட்டு வருஷமா காலி பண்ணமாட்டேங்கறான்!”