மேட்டில் வீடு இல்லை

"இருக்கறதே ஒரு மேடு. அதைப் போய்க் காலியா விட்டிருக்கீங்களே, சந்திரம்மா?"

கோலமாவுக் கிண்ணத்தோடு குந்தியிருந்த சந்திரம்மா நிமிரவில்லை.

படாளத்தை ஒட்டிய ஏரிக்கரை இருளர் குடியிருப்புக்கு அரசாங்கத்திலிருந்து இருபது வீடு வந்திருந்தது. எந்த வீடு எங்கே என்று அவர்களே திட்டம் போட வேண்டுமாம். போடக் கற்றுத்தரக் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தவள் காயத்ரி. மூன்று நாள் பயிற்சி, இன்று கடைசி. நாலு மணிக்குள் வரைபடம் அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வீடுகள் வேறு ஊருக்குப் போய்விடும்.

மூன்று நாளாகத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியாயிற்று. அவர்கள் நீட்டிய டீயைக்கூட வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதென்று மறுத்துவிட்டு, தன் ஃபிளாஸ்க்கிலிருந்தே குடித்துக்கொண்டாள்.

கடைசியில் பார்த்தால், தரையில் மாவால் போட்ட படத்தில் இருபது வீடும் சரிவில். வெள்ளம் ஏறாத மேடு மொட்டையாகக் கிடந்தது.

"புத்து கித்து இருக்கா? சாமி இடமா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மேடம்."

மணி மூன்றரை. காயத்ரியே மாவை அள்ளி மேட்டில் ஆறு கட்டம் போட்டாள். சந்திரம்மா அதை உள்ளங்கையால் அழித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அழிந்தது.

இப்படி இருந்தால் எந்த ஜென்மத்தில் முன்னேறுவீர்கள் என்று காயத்ரி பொரிந்து தள்ளினாள். இவர்களுக்கு இங்கே வீடே தரக்கூடாதென்று ஊர்த் தெருக்காரர்கள் மனு கொடுத்திருப்பதையும் சொல்லிக் காட்டினாள்.

"தெரியும் மேடம். போன மழைக்கு அவுங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. புள்ளைங்களத் தூக்கிகினு ரெண்டு நாளு இந்த மேட்டுலதான் நின்னாங்க."

"அதுக்கு?"

"நாங்க வூடு கட்டிட்டா அடுத்த மழைக்கு எங்க நிப்பாங்க?"

"உங்க வீட்டுக்குள்ள வந்து நிக்கட்டுமே."

சந்திரம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"வர மாட்டாங்க மேடம். அன்னிக்கும் கூப்ட்டோம், நனைஞ்சிகினே நின்னாங்க. டீ போட்டுக் குடுத்தோம், வயித்துக்கு ஆவாதுன்னுட்டாங்க. அதான் வெறும் மேடா வுட்டோம்."

காயத்ரி படத்தை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினாள். அப்புறம் ஃபிளாஸ்க்கைப் பைக்குள் தள்ளி, ஜிப்பை இழுத்து மூடினாள்.