நேராக நின்ற பாலம்

"இது எந்த அப்பா கட்டினது?"

பிசிக்ஸ் டீச்சர் கேட்டதும், மேஜைக்குப் பின்னால் நின்ற பையன் தன் பாலத்தை முன்னால் நகர்த்தினான்.

"நான்தான் டீச்சர்..."

"கைல ஒரு பொட்டுப் பசைகூட இல்லையே ராசா! எடுத்து ஓரமா வை."

பள்ளியில் மாதிரிப் பாலப் போட்டி. ஐஸ் குச்சியும் பசையும்தான் சாமான். முக்கோணம் முக்கோணமாக ஒட்டிப் பாலம் கட்ட வேண்டும். நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, முறியும்வரை மணல் கொட்டுவார்கள். அதிக பாரம் தாங்கிய பாலத்துக்குக் கோப்பை. கட்டியவர், பள்ளியின் சார்பில் பெரிய போட்டிக்குப் போகலாம்.

வருஷா வருஷம் போட்டி போடுவதென்னவோ அப்பாக்கள்தான். கோப்பை வாங்க மட்டும் பிள்ளைகள் மேடை ஏறும். டீச்சருக்குப் பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது. "பெத்தவங்க கை பட்ட பாலம் மேஜையை விட்டு இறங்கும்" என்று முன்பே அறிவித்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது ரெட்டைப் பின்னல்காரி. அவள் பாலம் அச்சில் வார்த்த மாதிரி நின்றது. ஒரு குச்சி விலகவில்லை, ஒரு சொட்டுப் பசை வழியவில்லை.

"அடேயப்பா! வீட்டுல இன்ஜினீயர் இருக்காரா?"

"இல்ல டீச்சர், நானே செஞ்சேன். நடுக் குச்சியை மட்டும் ரெட்டையா ஒட்டினேன். ஏன்னா பாரம் அங்கதான் வந்து..."

"மனப்பாடம் வேற பண்ணி அனுப்பியிருக்காங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரெட்டைப் பின்னலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே ஒரு தடவை வாளியை மாட்டிப் பாருங்க டீச்சர். பெரிய போட்டிக்குப் போகணும்னு கட்டிக் கட்டி உடைச்சுப் பழகினேன்."

"அழுது காரியம் சாதிக்கிறதெல்லாம் உங்கம்மாகிட்ட வெச்சுக்கோ. நகரு."

கடைசி மேஜையில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையன். அவன் பாலம் பார்க்கச் சகிக்கவில்லை. குச்சிகள் கோணல்மாணல். பசை சளி மாதிரி வழிந்து காய்ந்திருந்தது.

டீச்சரின் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் வந்து பாருங்க! பிள்ளை கைவேலைன்னா இது! நேர்மை இப்படித்தான் கோணலா இருக்கும்!"

வாளியை மாட்டினார்கள். மணல் விழ விழ, பாலம் முனகியது.

"இடது ஓர முக்கோணம்தான் முதல்ல போகும்" என்று ரெட்டைப் பின்னல் முணுமுணுத்தாள்.

படீர்! இடது ஓர முக்கோணம்தான் போனது.

"வயித்தெரிச்சலைப் பாரு! கண்ணு வெச்சே உடைச்சிட்டா!" என்றாள் பிசிக்ஸ் டீச்சர்.

உடைந்தால் என்ன? போட்டியில் மிச்சமிருந்ததே அந்த ஒன்றுதான். கோப்பை அதற்கே.

சோடாபுட்டி மேடையேறினான். மூன்றாவது வரிசையில் அவன் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். டீச்சர் மைக்கை அவன் வாயருகே கொண்டுபோனாள். 'கை பழகலை டீச்சர்' என்பான். அதை வைத்தே பெற்றவர்களை ஒரு பிடி பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

"சொல்லு கண்ணா, எல்லார் காதுலயும் விழட்டும். குச்சியை எல்லாம் ஏன் இப்படிக் கோணலா ஒட்டினே?"

சோடாபுட்டி மூன்றாவது வரிசையைப் பார்த்தான்.

"அதை அப்பாவைத்தான் கேக்கணும் டீச்சர். முதல்ல அவர் நேராத்தான் ஒட்டினார். நேரா இருந்தா நீங்க நம்ப மாட்டீங்கன்னு, அப்புறம் பிரிச்சுக் கோணலா ஒட்டினார்."