கரி குடித்த சேலை

தாதுவைக் கரைத்த நீரிலிருந்து கரி தங்கத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கரியைக் கொதிக்கவைத்துத் தங்கத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். அப்படியோர் ஆலையில்தான் மாசிலாமணிக்கு வேலை. மனைவி பூரணம் இறந்தபின், அவள் கடைசியாக உடுத்திய சேலையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்தார். மழை பிடித்துக்கொண்டதும், பூஞ்சை ஏறிவிடக் கூடாதே என்று ஆலையின் புதுக்கரியை ஒரு பொட்டலம் கட்டி உள்ளே போட்டார். இன்று எடுத்து முகர்ந்தால் சேலையில் அவள் இல்லை. வெறும் துணி.

தீப்பெட்டி கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சகாயமேரி, அடுப்பில் கொதிக்கும் குண்டானையும் அதன் ஆவியில் முகம் கவிழ்த்திருந்தவரையும் பார்த்தாள்.

“என்னண்ணே, வெறுங்கரியப் போட்டு வேக வைக்கிறீங்க?”

அவர் நிமிரவில்லை.

“கதவச் சாத்தும்மா. காத்தோட போயிருவா.”